மாத்து வேட்டி எடுக்காமல் போனவன்

என் செண்பகம்,

பேனாவைத் தேடிப் பிடிக்கவே அரைமணி நேரம் ஆகிவிட்டது. நீ எங்கே வைப்பாய் என்று யோசித்து யோசித்துத் தேடினேன். கடைசியில் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. உட்கார்ந்தால் உடம்பு எழுந்திரு என்கிறது. இந்த நாலு வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை வாசலுக்குப் போய் வந்துவிட்டேன். வாசலில் ஒன்றும் இல்லை. எதிர்வீட்டு நாய் படுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

நாளை நம் கோமதி வருகிறாள், பிரசவத்துக்கு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வளைகாப்பு முடிந்த அன்றே வந்திருக்க வேண்டியவள் ஏன் ஒரு மாதம் கழித்து வருகிறாள் என்று நீ கேட்பாய். கேட்காமல் விடுகிற ஆளா நீ?

என்னைப் பற்றி உனக்குத் தெரியாதது இல்லை. முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றுகொண்டே ஊர் சுற்றியவன். ஒரு தோள்பை, அதில் ஒரு துண்டு, ஒரு சோப்பு. அதற்கு மேல் எதைத் தூக்கினாலும் எனக்குக் கை கனக்கும். நீ நேர் எதிர். தங்கச்சி வீட்டுக்கு ஒரு நாள் போகவும் நாலு சேலை, கம்பளி, டார்ச் லைட், இட்லிப்பொடி எல்லாம் வேண்டும் உனக்கு. “ஏளா, வீடு மாறியா போறோம்?” என்று நான் கத்துவேன். “மழை பெஞ்சா? அவ்வோ இன்னும் ரெண்டு நா இருங்கன்னு சொன்னா?” என்பாய். கேட்டபடியே இன்னொரு சேலையை உள்ளே திணிப்பாய்.

நீ போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. இந்தப் பதினாலு மாதத்தில் நான் எந்த வீட்டிலும் ஒரு ராத்திரி தங்கவில்லை. கல்யாணமோ கருமாதியோ, போவதற்கு ஒரு துணிப்பை போதும். மூக்குக்கண்ணாடி, மாத்திரை, தண்ணீர் பாட்டில். யாராவது இருக்கச் சொன்னால், “மாத்து வேட்டி எடுத்துட்டு வரல்லியே” என்பேன். அதற்கு மேல் ஒருவரும் வற்புறுத்துவதில்லை. நல்ல பதிலைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வளைகாப்பில் உன் இடத்தில் என் அக்காதான் நின்று வளையல் போட்டாள். கோமதி அழவில்லை. எல்லாம் முடிந்து பந்தி எடுத்த பிறகு அவள் மாமியார் என்னிடம் வந்து, “அண்ணாச்சி, பிள்ளைய இன்னைக்கே கூட்டிட்டுப் போறியளா, நாள் பார்த்து வாறியளா?” என்று கேட்டாள். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். “அங்க யாரு இருக்கா மதினி, பார்க்கதுக்கு? இங்கனயே இருக்கட்டும்.”

கோமதி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போனாள். நான் நாலு மணி பஸ்ஸைப் பிடித்துப் பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டேன். வழியெல்லாம், சரியாகத்தானே சொன்னோம், ஆம்பிளை ஒருத்தன் இருக்கிற வீட்டில் பிள்ளைத்தாய்ச்சியை வைத்து என்ன செய்ய என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். சரியாகச் சொன்னவனுக்கு ஏன் அத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்தது?

அதன் பிறகு போன புதன்கிழமைதான் ஆழ்வார்குறிச்சிக்கு, கோமதியின் மாமியார் வீட்டுக்குப் போனேன். ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டதே, பார்த்துவிட்டு வருவோம் என்று. அதே துணிப்பை, கூடுதலாக நாலு சாத்துக்குடி. மாப்பிள்ளை முத்துராமன் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார். மதினி கடையத்தில் ஒரு சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போயிருந்தாள். கோமதி தனியாக இருந்தாள். கால் வீங்கியிருந்தது. முகம் அப்படியே உன் முகம். அதனால்தான் அதிகம் பார்க்கவில்லை.

சோறு போட்டாள். நான் சாப்பிட்டபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டே முக்காலுக்குத் திருநெல்வேலி பஸ்.

“எப்பா, இன்னைக்கு இருந்துட்டு நாளைக்குப் போங்களேன்.”

“மாத்து வேட்டி எடுத்துட்டு வரல்லியேம்மா.”

“அதுக்குத்தான எடுக்காம வாறிய.”

கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. அவள் கோபமாகச் சொல்லவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள். “அம்மா போனதுல இருந்து நீங்க எங்கயும் வரவே இல்லப்பா. எட்டிப் பார்த்துட்டுப் போறிய, அம்புட்டுதான். இங்கன வந்தாலும் செருப்பத் தெருவப் பார்த்துத் திருப்பி வச்சுட்டுத்தான் உள்ள வாறிய. நான் பார்த்துட்டுதான இருக்கேன்.”

எனக்கு ஆத்திரம் வந்தது. உண்மையைச் சொன்னால் வருமே, அந்த ஆத்திரம். “வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு இப்படியெல்லாம் பேசக்கூடாது” என்று ஏதோ சொல்லிவிட்டுக் கை கழுவினேன். பையை எடுத்தேன். “வாறேம்மா” என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. கண்டக்டர் தெரிந்த பையன், நான் ஓய்வு பெறுகிற வருஷம் வேலைக்குச் சேர்ந்தவன். “ஏறுங்க அண்ணாச்சி, முன்னால சீட்டு கிடக்கு” என்றான். ஒரு காலைப் படியில் வைத்தேன். இன்னொரு கால் வரவில்லை. ஏன் என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. “என்ன அண்ணாச்சி, ஏதும் மறந்துட்டியளா?” என்றான். “ஆமா” என்றேன். விசில் கொடுத்துவிட்டான். படியில் வைத்த காலை எடுத்து ஒரு பஸ்ஸை நான் விட்டது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை.

திரும்பிப் போனால் கோமதி அடுக்களை நிலையில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. “அடிவயித்த இழுத்துப் பிடிக்கிப்பா” என்றாள். அந்த நேரம் நான் பஸ்ஸில் முக்கூடலையோ அம்பாசமுத்திரத்தையோ தாண்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்று வரை யோசிக்கிறேன். நீ யோசிக்காதே.

மாப்பிள்ளைக்குப் போன் பண்ணினேன். நேரே அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறேன் என்றார். பக்கத்துத் தெரு ஆட்டோவுக்குச் சொன்னேன். அப்போதுதான் கோமதி, “பை ஒண்ணும் எடுத்து வைக்கல்லப்பா. அத்தை ஞாயித்துக்கிழமை எடுத்து வைக்கலாம்னாவ” என்றாள்.

செண்பகம், நான் பீரோ முன்னால் நின்றேன். எந்த ஊருக்கு எத்தனையாவது நிறுத்தம் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். பிள்ளை பெறப் போகிறவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கைக்கு வந்ததையெல்லாம் எடுத்தேன். நைட்டி ஏழு. பழைய நூல் சேலை எல்லாம். துண்டு, பிளாஸ்க், டம்ளர், சீப்பு, எண்ணெய்ப் பாட்டில், தலையணை, போர்வை மூன்று. இரண்டு பையும் நிறைந்து ஒரு வாளியும் நிறைந்தது. வலியோடு வலியாக அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எப்பா, பீரோவையும் தூக்கிருங்க” என்றாள்.

ஆட்டோவில் அவளும் நானும் மூட்டைகளும். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வலி வரும்போது நகம் பதிந்தது. ஆட்டோக்காரர் குழி பார்த்துப் பையப் பைய ஓட்டினார். அந்த ஆட்டோவில்தான், யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். உனக்கு அது தெரியும். தெரிந்தும் என்னை ஒரு சொல் கேட்காமல் போனவள் நீ.

உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று நீ இரண்டு பை கட்டினாய். மூச்சு வாங்க வாங்கக் கட்டினாய். “ரெண்டு நாள்ல வந்துருவோம், எதுக்கு இது?” என்று ஒரு பையை நான் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டினேன். அதில் உன் பச்சைக் கட்டம் போட்ட போர்வை இருந்தது. மூன்றாம் நாள் அதைக் கேட்டாய். அங்கே கொடுத்த போர்வை குளிர் தாங்கவில்லை என்றாய். “நாளைக்கு எடுத்துட்டு வாறேன்” என்றேன். மறுநாளும் கேட்டாய். மறுநாளும் அதையே சொன்னேன். வீடு பத்து நிமிஷ நடை. எனக்கு மறக்கவில்லை, செண்பகம். போர்வையைக் கொண்டுவந்தால் நீ அங்கேயே தங்கிவிடுவாய் என்று பயந்தேன். கொண்டுவராமல் இருந்தால் இன்றைக்கோ நாளைக்கோ வீட்டுக்குக் கிளம்பித்தானே ஆக வேண்டும்? அப்படி ஒரு கணக்குப் போட்டது என் புத்தி. ஒன்பதாம் நாள் நீ போய்விட்டாய்.

இதைச் சொல்லி முடித்தபோது ஆட்டோ அம்பாசமுத்திரத்துக்குள் நுழைந்திருந்தது. கோமதி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வலி வந்து போனது. பிறகு சொன்னாள்.

“அம்மா அந்தப் போர்வைய எங்கிட்டயும் கேட்டாப்பா. நானும் நாளைக்குன்னுதான் சொன்னேன்.”

“நீ எதுக்கு அப்படிச் சொன்ன?”

“தெரியல்லப்பா. நீங்க சொன்ன மாதிரிதான்னு வச்சுக்கிடுங்களேன்.”

இருவரும் ஒரே வீட்டில் பதினாறு நாள் காரியம் வரை ஒன்றாக இருந்தோம். இதைப் பற்றி ஒருவருக்கொருவர் வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை?

டாக்டரம்மா பார்த்துவிட்டு இது பிரசவ வலி இல்லை, சூட்டு வலி என்றார். பிரஷர் கொஞ்சம் கூடியிருக்கிறது, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். நான் கொண்டுபோன மூட்டைகளைப் பார்த்து நர்ஸ், “அண்ணாச்சி, குடியிருக்க வந்துட்டியளா?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மகளுக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. எனக்கு உடுத்தியிருந்ததைத் தவிர ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளை சட்டையெல்லாம் சாக்பீஸ் தூளோடு ஓடி வந்தார். சாயந்தரம் வீட்டுக்குப் போய்த் தன் வேட்டியும் சட்டையும் எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். சட்டை எனக்கு வயிற்றில் பிடித்தது. மேல் பொத்தானோடு நிறுத்திக்கொண்டேன். அந்தச் சட்டையோடுதான் இரண்டு நாள் அங்கே இருந்தேன். இருந்தேன் என்றா சொல்வது, நடந்தேன். அந்த வராந்தாவின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் எத்தனை நடை நடந்தேனோ. டெட்டால் வாடை வரும்போதெல்லாம் ஓடிவிடலாம் என்றிருந்தது. ஓடவில்லை. அதை மட்டும் உன்னிடம் தைரியமாகச் சொல்வேன்.

இரண்டாம் நாள் கோமதி வயிற்றில் பட்டை கட்டிப் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்க வைத்தார்கள். குதிரை ஓடுகிற சத்தம். நான் பயந்துபோய், “என்ன இப்படி ஓடுது?” என்றேன். “உங்க பேரப்பிள்ளைல்லா, ஒரு இடத்துல நிக்கமாட்டேங்கு” என்றாள் உன் மகள்.

வீட்டுக்கு அனுப்பும்போது மதினி வந்திருந்தாள். மாப்பிள்ளையும் நின்றார். நான் சொன்னேன். “மதினி, பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன். பிரசவம் பாளையங்கோட்டைலேயே நடக்கட்டும்.”

“அங்க யாரு இருக்கா, அண்ணாச்சி?” என்று நான் சொன்னதையே எனக்குத் திருப்பிக் கேட்டாள்.

“நான் இருக்கேன்.”

மதினி என்னை மேலும் கீழும் பார்த்தாள், மகனின் சட்டை உட்பட. “சரி. நானும் கூட வாறேன், பிள்ளை பெறந்து பத்து நா கழியட்டும். ஆனா உங்க சமையல நான் திங்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்” என்றாள். கோமதி அப்போதுதான் அழுதாள். வளைகாப்பில் அழாதவள். நான் பக்கத்தில் நின்றேன். என்ன செய்வது என்று தெரியாமல் அவள் தோளைத் தட்டினேன். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

நேற்றும் இன்றும் வீட்டைக் கழுவினேன். கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன், பிறகு வெயில் அடிக்குமே என்று பழைய இடத்துக்கே இழுத்தேன். மாப்பிள்ளை சனி ஞாயிறு வருவார். பிரசவத்துக்குச் சொல்லி வைத்திருக்கிற ஆஸ்பத்திரி நீ இருந்த அதே தெருவில்தான். வேறு இடம் பார்க்கலாமா என்று கோமதியிடம் கேட்டேன். “நல்ல டாக்டருப்பா, பொறவு எதுக்கு?” என்றாள். அவளுக்கு இருக்கிற திடம் எனக்கு இருக்குமா? அந்த வாசலைத் தாண்டும்போது கால் எந்தப் பக்கம் திரும்பும்? இன்னும் மூன்று வாரம் என்கிறார்கள். இந்த மூன்று வாரத்தை நான் எப்படி நின்று கழிக்க?

அதனால் உன்னிடம் ஒரு சொல் கொடுத்துவிடுகிறேன். உனக்குக் கொடுத்த சொல்லை நான் எப்போதும் காப்பாற்றியவன் இல்லை என்று நம் இருவருக்கும் தெரியும். இதைக் காப்பாற்றுவேன். நம் பிள்ளையை உள்ளே கொண்டுபோகிற நேரத்தில் நான் டீ குடிக்கப் போக மாட்டேன். மாத்திரை வாங்க, போன் பேச, காற்று வாங்க என்று எதையும் சொல்லித் தெருவுக்கு இறங்க மாட்டேன். அவள் கத்தினால் கேட்டுக்கொண்டு நிற்பேன். குழந்தை முதல் தடவை அழுகிற சத்தம் கேட்கிற தூரத்தில்தான் இருப்பேன், செண்பகம். அதைத் தாண்டி ஒரு எட்டு வைக்க மாட்டேன்.

கோமதிக்கு அப்பன்,
உனக்கு என்றைக்கும் அத்தான்,
சுப்பையா