விரலிடுக்கு

மார்ச் 11, 2007. ஞாயிறு

நெரவியில் இன்று வியாபாரம் மந்தம். மிஞ்சின மத்தியைக் கீறி உப்புப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் ஒரு நாற்றம். மீன்காரிக்கு மீன் நாறாது. இது வீட்டுக்காரருடைய கால்.

வலது காலில் சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் தோல் வெள்ளையாக ஊறி, உரிந்து, உள்ளே சிவப்பாக வெடித்துக் கிடக்கிறது. வருஷக்கணக்காக இப்படித்தான். இடையிடையே காய்ச்சல் வரும், கால் வீங்கும், வடியும். ஊரில் சேற்றுப்புண் என்று ஒரு பேரை வைத்து முடித்துவிடுவார்கள். வயலில் இறங்குகிறவனுக்குச் சேறு சரி. கடலுக்குப் போகிற மனுஷனுக்கு ஏது சேறு? எல்லாம் ஐஸ் தண்ணீர். அம்பலவாணன் போட்டில் மீனை ஐஸில் அடுக்குகிற வேலை இவருக்கு. உருகின தண்ணீரில் வெறுங்காலோடு நிற்க வேண்டும். போட்டில் செருப்புக் கால் படக்கூடாது, அது தெய்வக் குற்றம்.

"சாரதா, வெந்நி கொண்டா" என்றார். கழுவினேன். எங்கேயோ வலித்துவிட்டது போல, உச்சந்தலையில் ஒரு குத்து. உதைக்கவில்லை. வலது கால் புண்ணாக இருக்கிற வரைக்கும் எனக்கு அவர் கைதான். கையை வாங்கிப் பழகிவிட்டது. அந்தக் கால்தான் ஆளைக் கொல்லும்.

மார்ச் 14

பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா சின்ன வயசு, ஆனால் மூக்கைப் பொத்தாமல் விரலை விரித்துப் பார்த்தார்.

"இதுல ரெண்டு சேந்து வேலை பாக்குது. பூஞ்சை வந்து தோலைப் பொளக்குது. அந்தப் பொளவு வழியா கிருமி உள்ள போவுது. அதான் காய்ச்சல், வீக்கம் எல்லாம். தெனமும் சோப்புப் போட்டுக் கழுவணும். வெரலிடுக்குல துளி ஈரம் இல்லாம ஒத்தி எடுக்கணும். அப்பறந்தான் களிம்பு. ஈரம் இருந்துச்சுன்னா மருந்தே வேஸ்ட்டு. தண்ணியில நிக்கிற வேலைன்னா ரப்பர் பூட்ஸ் போடுங்க."

"போட்டுல பூட்ஸா? என்னயும் சேத்துக் கடல்ல தூக்கிப் போட்டுருவானுவ" என்று சிரித்தார் இவர்.

"சரி, யாரு தொடச்சு விடுவா?"

"இவதான். எனக்குக் குனிய முடியாது."

ஐஸ் கட்டியைப் புரட்டக் குனியலாம். கீழே விழுந்த பீடியை எடுக்கக் குனியலாம். சொந்தக் காலைத் துடைக்க மட்டும் இடுப்பு வளையாது.

கிளம்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "செவப்பு மேல ஏறி, குளிர் காய்ச்சலும் வந்துச்சுன்னா ஒரு நிமிஷம் வீட்டுல வச்சிக்காதீங்க. உசுருக்கே ஆபத்து."

ஏப்ரல் 16

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியாச்சு. போட்டெல்லாம் கட்டிக் கிடக்கிறது. என்னோடு கூடை தூக்குகிற ராஜம், "இனிமே ஒன் வூட்டுக்காரரு காலு காஞ்சுரும்டி" என்றாள், எனக்கு நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டு. ஒவ்வொரு வருஷமும் தடைக்காலத்தில் அந்தக் கால் காயத்தான் செய்கிறது. கால் காய்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு நான் சொன்னதில்லை.

ஏப்ரல் 29

கால் நன்றாக இருக்கிறது. பயமாக இருக்கிறது.

மே 3

உதைத்தான்.

நாட்டுப்படகு மீன் ஏற்றி வருகிற நாகப்பட்டினம் லாரி பிந்திவிட்டது, மீன் எடுத்து விற்று நான் வருவதற்குள் மத்தியானம். "எவன் கூடடி நின்ன" என்று கேட்டான். பதில் சொல்லுமுன் வலது கால் விலாவில் இறங்கியது. மூச்சு நின்று போச்சு. அடுப்படியில் சுருண்டு கிடந்தேன். மேலே இன்னொன்று. ஷர்மிளா உள்ளறையில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். பத்தாவது போகிற பிள்ளை, நான்தான் அப்படிச் செய்யச் சொல்லி வைத்திருக்கிறேன்.

டேய் படுபாவி, அது நான் ஆற வச்ச காலுடா. இந்தக் கையால கழுவி, ஒத்தி, ஊதி ஊதி ஆற வச்ச காலு. கூலி குடுத்து ஆளை வச்சு என்னயே ஒதைக்கச் சொன்ன மாதிரியில்ல இருக்கு. நாசமாப் போவ. அந்தக் காலு அழுவி உதுரணும்.

எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கப் போவதில்லை. அப்படியே இருக்கட்டும்.

மே 4

கழுவினேன். களிம்பு போட்டேன். விரலிடுக்கைத் துடைக்கவில்லை. ஈரத்தின் மேலேயே பூசிவிட்டேன். அவருக்குத் தெரியாது.

மே 12

இன்றும் அப்படியேதான். விரலுக்கு நடுவில் வெள்ளை பூத்துவிட்டது. "என்னடி, திரும்ப அரிக்குது" என்றார். "வெய்யில் வேர்வையா இருக்கும்" என்றேன். விலாவில் இன்னும் வலி. இருமினால் உயிர் போகிறது. ஆனாலும் மூன்று நாளாக நிம்மதியாகத் தூங்குகிறேன். நான் கெட்டவளா? ஆமாம் என்றால் ஆமாம்.

ஜூன் 6

தடை முடிந்து போன போட்டு இன்று கரைக்கு வந்தது. இவர் நொண்டிக்கொண்டே வந்து வாசலில் உட்கார்ந்தார். காலில் ஐஸ் கட்டுகிற தடிமனான பிளாஸ்டிக் பை. கணுக்காலில் சைக்கிள் டியூபைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார்.

"டாக்டரம்மா நனையக் கூடாதுன்னுச்சுல்ல. செருப்புதான் ஆவாது, பை பரவால்லன்னு அம்பலவாணனே சொல்லிட்டான். போன அன்னைக்குக் கட்டுனது, அவுக்கவே இல்ல. சொட்டுத் தண்ணி உள்ள போவல" என்றார். முகத்தில் அவ்வளவு பெருமை.

டியூபை அவிழ்த்தேன். பைக்குள்ளிருந்து கஞ்சி மாதிரி வடிந்தது. கடல் தண்ணீர் போகாதது நிஜம்தான். அவருடைய வேர்வையிலேயே கால் வெந்து கிடந்தது. சுண்டுவிரல் கறுத்திருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாவமாக இருந்தது. இந்த மனுஷன் தன் காலுக்கென்று தானே செய்துகொண்ட ஒரே காரியம் இதுதான்.

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். நாளைக்குப் பார்க்கலாம் என்றார்.

ஜூன் 7

எழுதியே ஆக வேண்டும்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வலது கால் என் மடியில். ஷர்மிளா வெந்நீர்ப் பேசினைக் கொண்டு வந்தாள். கொஞ்சம் தளும்பி அவன் தொடையில் பட்டது. அவ்வளவுதான். இடது காலால் பிள்ளையின் நெஞ்சில் விட்டான். அவள் போய் அம்மிக்கல்லில் விழுந்தாள். வாயெல்லாம் ரத்தம். முன்பல் பாதி இல்லை.

இடது காலு. எனக்குத் தோணவே இல்லையே. ஒரு காலை அழுவ விட்டா நிம்மதின்னு இருந்தேனே, மனுஷனுக்கு இன்னொரு காலு இருக்குன்னு இந்த மரமண்டைக்கு ஒறைக்கவே இல்லையே.

வலது கால் என் கையில்தான் இருந்தது. கட்டைவிரலை அந்தப் புண்ணுக்குள் வைத்து அழுத்தினேன். நகம் உள்ளே போகும் வரை அழுத்தினேன். அவன் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. "வுடுடி, வுடுடி" என்றான். நான் விடவில்லை. "வுட்டுரு சாரதா" என்றான். அப்போதும் விடவில்லை.

"இன்னொரு வாட்டி அவ மேல காலு பட்டுச்சு, இந்த வெரலப் பிச்சு நாய்க்குப் போட்டுருவேன்" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

ராஜம் வந்துதான் என் கையைப் பிரித்தாள்.

அழுத்தும்போது நன்றாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூன் 8

ஷர்மிளாவைப் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அவர் வரவில்லை. அவர் காலை நான் பார்க்கவில்லை.

ஜூன் 9

மத்தியானம் குளிர் தூக்கிப் போட்டது அவரை. இரண்டு போர்வை போட்டும் பல் கிட்டுகிறது. லுங்கியை விலக்கினால் சிவப்பு முழங்காலைத் தாண்டி நிற்கிறது. ஒரு நிமிஷம் வச்சிக்காதீங்க — டாக்டரம்மா சொன்னது எனக்கு ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை.

நான் அரிவாள்மணையில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, ஆட்டோ கூப்புடவா?" என்றாள் ஷர்மிளா.

"இரு" என்றேன்.

ஒவ்வொரு மீனாக எடுத்துச் சீவினேன். உள்ளே அவர் முனகுவது கேட்டது. போனால் போகட்டும் என்றுதான் இருந்தேன், பொய் சொல்லவில்லை. ஷர்மிளா அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. வீங்கின வாயோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"போ, கூப்பிடு" என்றேன். ஓடினாள்.

அவள் நிற்காமல் இருந்திருந்தால் கூப்பிட்டிருப்பேனா? தெரியவில்லை.

ஜூன் 13

இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது. உயிரும் தப்பியது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டரம்மா. பையைக் கட்டின கதையைக் கேட்டுவிட்டு அவரைப் பிடித்துக் கத்தினார். "காத்தே போவாம அவிஞ்சு போயிருக்கு. யாருங்க ஒங்களுக்கு இந்த யோசனை குடுத்தது?"

அவர் என்னைப் பார்த்தார். பை பாதி. மீதி நான்.

கட்டு நனைந்திருக்கிறதா என்று பார்க்கக் கையை நீட்டினேன். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "வேணாம். நர்ஸு பாத்துக்கட்டும்" என்றார். பயம். பதினேழு வருஷத்தில் அந்த முகத்தில் நான் பார்க்காதது.

ஜூன் 20

வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கட்டு மாற்றுவது எப்படி என்று நர்ஸம்மா என்னைக் கூப்பிட்டார்.

"அவருக்கே சொல்லிக் குடுங்க" என்றேன்.

"குனிய முடியாதுங்கறாரே."

"குனிவாரு."

குனிந்தார்.

ஜூலை 8. ஞாயிறு

புண் ஆறிவிட்டது. அம்பலவாணன் இனிமேல் கடலுக்கு வேண்டாம், கரையில் உட்கார்ந்து வலை பாருங்க என்று சொல்லிவிட்டாராம். இனி தினமும் வீட்டில்தான்.

காலையில் கூடத்தில் உட்கார்ந்து காலைத் தொடையில் தூக்கி வைத்துக்கொண்டு, இருக்கிற மூன்று விரலுக்கு நடுவில் துணியை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"காஞ்சுருச்சா பாரேன், சாரதா" என்றார்.

"நீங்களே பாருங்க" என்றேன். எழுந்திருக்கவில்லை. இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டேன்.

ஷர்மிளா டியூஷனுக்குக் கிளம்பி வந்தாள். அவளைப் பார்த்ததும் அவர் இரண்டு காலையும் மடக்கி, வழியை விட்டு ஒதுங்கி உட்கார்ந்தார். கூடத்தில் நாலு பேர் சேர்ந்து நடக்கிற அளவுக்கு இடம் இருந்தது. அவள் சுவரை ஒட்டியே நடந்து வெளியே போனாள்.