கேட்டதைத் திருப்பிச் சொல்பவன்

மார்ச் 3

அண்ணனின் தோள் கட்டை இன்று அவிழ்த்தார்கள். கன்றிய இடம் நீலம் போய்ப் பச்சை, ஓரங்களில் மஞ்சள். "கையை மேல தூக்குங்க" என்றார் மருத்துவர். "மேல தூக்குங்க" என்று அண்ணன் அவரிடமே சொன்னான். அவர் சிரித்துக்கொண்டு தன் கையைத் தூக்கிக் காட்டினார். இவனும் தூக்கினான்.

அடிபட்ட அன்று பஸ் நிறுத்தத்தில் ரோந்து வந்த போலீஸ்காரர் கேட்டது ஒரே கேள்விதான். "யாருடா நீ?" அண்ணனும் அதையே சொன்னான். கன்னத்தில் அறை விழுந்தது கேள்விக்காக இல்லை, "டா"வுக்காக. ஜீப்பில் ஏற்றும்போது தோள் பிசகியது.

அவனுக்கு அது கேலி இல்லை. "காதில் விழுந்தது" என்பதை அவன் அப்படித்தான் சொல்வான். ஆட்டிசம் பற்றி நான் படித்த புத்தகங்களில் இதற்குப் பெயர்கூட இருக்கிறது. மரியாதையை விகுதியில் வைத்திருக்கும் ஒரு மொழியில் இதற்கு என்ன கிடைக்கும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

அண்ணன் வேலை செய்யும் சலவை நிலையத்தின் மேற்பார்வையாளர் அழைத்தார். மடிக்கும் மேசையில் அவன் இடத்தை மாதக் கடைசி வரை வைத்திருப்பாராம். அம்மா போனைப் பிடுங்கி, "அவன் இனிமே எங்கயும் தனியா போகமாட்டான்" என்றாள். அண்ணன் உள்ளே துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தான். மடித்து முடித்து, எல்லாவற்றையும் உதறி, மறுபடி மடித்தான்.

மார்ச் 6

நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கே போன். அண்ணனுக்கு நடந்ததைக் கேள்விப்பட்டு அழைத்தவர், முன்பு ஆம்புலன்ஸில் செவிலியராக இருந்தவராம். ஒரு விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலி. இப்போது போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆட்களுக்கு வகுப்பு எடுக்கிறார்: காது கேளாதவர், பார்வையற்றவர், அண்ணனைப் போன்றவர் எதிரே வந்தால் எப்படி நடந்துகொள்வது என்று. "உங்க அண்ணனைக் கூட்டிட்டு வர முடியுமாம்மா?"

"அவன் காட்சிப்பொருள் இல்லைங்க." வைத்துவிட்டேன்.

மார்ச் 7

அவனைக் கேட்காமல் நான் யார் பதில் சொல்ல?

எங்கள் வீட்டு முறையில் கேட்டேன். "போகலாமா, வேண்டாமா?" பிறகு மாற்றிப் போட்டு, "வேண்டாமா, போகலாமா?" இரண்டு தடவையும் கடைசிச் சொல்லைச் சொன்னால் அது வெறும் எதிரொலி. இரண்டு தடவையும் ஒரே சொல் வந்தால் அதுதான் அவன் மனது.

"போகலாமா." "போகலாமா."

அம்மாவிடம் பல் டாக்டர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 12

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

பெரிய கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகள், எல்லோரும் சீருடையில். முன்வரிசையில் ஒரு போலீஸ்காரர். எல்லோரும் அவரை மீசை என்றே கூப்பிட்டார்கள். "கையில கத்தி இருக்கா, கரண்டி இருக்கான்னு நாங்க பார்த்துட்டு நின்னா, எங்களைத் தூக்க நாலு பேர் வரணும்க்கா" என்றார். சிரிப்பு. பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "சரி, இவர்கிட்ட பேர் கேளுங்க."

மீசை எழுந்து வந்தார். "டேய் தம்பி, உன் பேரு என்னடா?"

"டேய் தம்பி, உன் பேரு என்னடா?"

"மீசை, உன்னையே தம்பிங்கிறான்யா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூடமே அதிர்ந்தது. மீசையின் முகம் கறுத்தது. ஓர் அடி முன்னால் வைத்தார். அண்ணனின் தோள்கள் காதுவரை ஏறிவிட்டன.

"நீங்கன்னு கேளுங்க ஐயா." என் குரல்தான். நூலகக் குரல், கிசுகிசுப்பு. எப்படியோ கேட்டுவிட்டது.

அவர் என்னைப் பார்த்தார், பயிற்சியாளரைப் பார்த்தார். "உங்க பேரு என்னங்க?"

"உங்க பேரு என்னங்க?"

மீசை வாய்தவறித் தன் பெயரைச் சொல்லிவிட்டார். அவரே முதலில் சிரித்தார்.

அதோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். ஒரு தீயணைப்பு வீரர் எழுந்தார். "நெருப்புல மரியாதைக்கு ஏதுங்க நேரம்? 'வெளிய வா'ன்னா அவரும் 'வெளிய வா'ன்னுட்டு நின்னா என்ன செய்யறது?" நியாயமான கேள்வி. ஒத்திகை பார்ப்போம் என்றார்கள். அபாய மணியை அடித்தார்கள். அவர் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தார் — அந்தத் தோள், அதே தோள்.

அந்த அலறல். நெற்றியைச் சுவரில் மோதினான். மறுபடி. மறுபடி. உதவப் போய் இன்னும் மூன்று பேர் பிடித்தார்கள். "யாரும் தொடாதீங்க! மணியை நிறுத்துங்க!" பயிற்சியாளர் கத்தியது மணிச் சத்தத்தில் கேட்கவே இல்லை.

நான்தானே கூட்டிட்டுப் போனேன். நான்தானே.

மார்ச் 13

"பல்லுக்குப் போனவனுக்கு நெத்தி எப்படிடி வீங்கும்?"

எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "பாடம் நடத்தப் போனியா, பலி குடுக்கப் போனியா?" என்று மட்டும் கேட்டாள்.

அண்ணன் சாப்பிடவில்லை. துண்டுகளைத் தொடவும் இல்லை.

மார்ச் 16

பயிற்சியாளர் வீட்டுக்கு வந்தார். கூடவே அந்தத் தீயணைப்பு வீரர், சாதாரணச் சட்டையில். எங்கள் படிகளில் நாற்காலி ஏறாது. தீயணைப்பு வீரர் குனிந்து தூக்கப் போக, "கேட்டுட்டுத் தொடுங்கன்னு உங்களுக்கு எத்தனை தடவைய்யா சொல்றது?" என்று அவருக்கு விழுந்தது. எப்படியும் அம்மா உள்ளே விடுவதாக இல்லை. தெருவிலேயே நின்று பேசினார்கள்.

அந்த வீரர் அண்ணனிடம், "மன்னிச்சிருங்க" என்றார்.

"மன்னிச்சிருங்க" என்றான் அண்ணன். அந்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மாவுக்கு அங்கேதான் வெடித்தது. "கையைப் பிடிக்கிறாங்களாம், கையை! முதுகைக் காட்டி முன்னால நடந்தா நிழல் மாதிரி வருவான் எம்புள்ள. இதுகூடவா தெரியாது?"

"தெரியாதும்மா" என்றார் பயிற்சியாளர். "யாரும் எங்களுக்குச் சொல்லல. நீங்க வந்து சொல்றீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்ல?"

மார்ச் 19

அம்மா வகுப்புக்குப் போனாள். என்னை வர வேண்டாம் என்றுவிட்டாள். திரும்பி வந்து காலை நீட்டி உட்கார்ந்து, "அந்த மீசை ரொம்பக் கேள்வி கேக்குறான்" என்றாள். 

மார்ச் 31

அம்மாவே அவனைக் கேட்டாள், இரண்டு விதமாகவும். "வேலைக்கு." "வேலைக்கு."

"போய்த் தொலையட்டும்" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

ஏப்ரல் 8

அண்ணன் வரவில்லை. சலவை நிலையத்திலிருந்து எப்போதோ கிளம்பிவிட்டானாம். பஸ் நிறுத்தத்தில் இல்லை. இன்னும் வெளிச்சம் இருக்கிறது. இருட்டினால்?

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "போலீஸுக்குப் போன் போடாத. போடாதடி." பயிற்சியாளரைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. பிறகு யாரைக் கூப்பிட? எந்தக் கை அவன் மேல் விழுந்ததோ அந்தக் கையிடமே போய்த் தேடிக் கொடு என்று —

போட்டுவிட்டேன்.

பேசியவர் யார் என்று தெரியாது. இளம் குரல். "தொடலாமா, கூடாதா? சைரன் போட்டா பயப்படுவாரா? எப்படிக் கூப்பிடணும்?" என்று கேட்டார். சொன்னேன். "வாங்க, போங்கன்னே பேசச் சொல்லுங்க. யார் கேட்டாலும்." எழுதிக்கொள்வது கேட்டது.

பிறகு வெறும் காத்திருப்பு. நடுவில் எதையோ வாசிக்க எடுத்தேன். ஒரு வரியும் ஏறவில்லை.

தெருமுனையில் முதலில் ஒரு போலீஸ்காரர் வந்தார். நான் பார்த்தே இராத முகம். யாரும் பின்னால் இல்லாததுபோல, திரும்பியே பார்க்காமல் நடந்து வந்தார். கொஞ்சம் தள்ளி அண்ணன். அதற்கும் பின்னால், விளக்கு மட்டும் எரிய, சத்தமில்லாமல் ஊர்ந்து வந்தது ஜீப். ஏற மறுத்துவிட்டானாம். பஸ் மாறி ஏறி, ஊரின் அந்தக் கோடிக்குப் போய்விட்டிருக்கிறான். அங்கிருந்து நடையாகவே.

அம்மா அந்தப் போலீஸ்காரருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவர் நின்றபடியே குடித்தார். காலணியைக் கழற்றிக் குதிகாலைத் தேய்த்துக்கொண்டார்.

ஏப்ரல் 9

காலையில் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். இன்று அம்மா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

"போயிட்டு வா."

"போயிட்டு வா" என்றான்.

கிளம்புகிறவன் "வர்றேன்" என்றல்லவா சொல்ல வேண்டும்? இவன் எங்களை வழியனுப்பிவிட்டுப் படியிறங்கினான். நாங்கள் இருவரும் அங்கேயே நின்றோம். பின்னால் யாரும் போகவில்லை.