அக்காவுக்கு ஒரு நாள் பாஸ்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலைப் பிரார்த்தனைக்கு இருந்தவர்கள்: நான், மேல்வீட்டுத் தையல்காரம்மா, அவளுடைய பூனை. பூனை பாதியில் எழுந்து போய்விட்டது. தையல்காரம்மா கடைசிவரை இருந்தாள், ஆனால் யாருடைய ரவிக்கைக்கோ கொக்கி வைத்துக்கொண்டே இருந்தாள். கையும் வாயும் தனித்தனியாக வேலை செய்தால் கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார் என்பது அவள் கட்சி.

விளக்கைக் குளிர வைத்துவிட்டு போனை எடுத்தால் அக்காவின் குரல். பேசி அனுப்பியிருக்கிறாள்.

"நாங்க கப்பல்ல ஒரு டூர் வரோம்டி. இருபத்தொண்ணாம் தேதி உங்க துறைமுகத்துல நிக்குது. காலைல எட்டு மணிக்கு வந்து சாயந்திரம் அஞ்சுக்குக் கிளம்பிடும். அங்க கடலோர ரிசார்ட்டுல டே பாஸ்னு குடுக்கறாங்களாம். ரூம் எடுக்க வேண்டாம், பகல் பூரா இருந்துட்டு வரலாமாம். எடுக்கலாமா? காசுக்குத் தகுமா? நீதான் கணக்குல புலி. பாத்து சொல்லு."

நாலு தடவை கேட்டேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கிறாளா என்று கடைசியில் வரும் இரைச்சலையும் விடாமல் கேட்டேன். பின்னால் அத்தான் தும்முகிறார். அவ்வளவுதான்.

அக்காவை நேரில் பார்த்து ஏழு வருஷம். அதற்கப்புறம் என் வீட்டுக்காரர் இறந்துபோனார், மகன் வேலைக்கென்று வெளிநாடு போனான், அக்காவுக்கு அவள் ஊரில் முட்டி ஆபரேஷன் ஆனது. எங்கள் குடும்பத்தில் எல்லாமே போனில் நடந்து முடிந்த மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 4

வீட்டுக்கு வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. வா என்று நானும் சொல்லவில்லை. அவளே கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

ரிசார்ட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இத்தனை வருஷமாக அந்த மதில் சுவரைப் பஸ்ஸில் இருந்து பார்த்ததோடு சரி.

கவுண்டரில் இருந்த பெண் சிரித்த முகம். "பாஸ் எத்தனை பேருக்கு மேடம்?"

"ரெண்டு பேருக்கு. ஆனா இப்ப எடுக்க வரல. தகுமான்னு பாக்க வந்தேன்."

இப்படி யாரும் அவளிடம் கேட்டதில்லை போல. உள்ளே அழைத்துக்கொண்டு போய்க் காட்டினாள். நீச்சல் குளம், நிழற்குடை, மதியச் சாப்பாடு, மூன்று மணிக்கு ஐஸ்கிரீம், குளிக்க இடம், எல்லாம் பாஸில் அடக்கம். துண்டுக்கு முன்பணம், திருப்பிக் கொடுத்தால் வந்துவிடும். பூட்டு வைத்த அலமாரி மட்டும் தனிக் காசு. கையில் ஒரு காகிதப் பட்டை ஒட்டிவிடுவார்கள். வெளியே போனால் அதை வெட்டிவிடுவார்கள், மறுபடி உள்ளே வர முடியாது.

கழிப்பறைக்குப் படி இல்லை, சரிவுதான். அக்காவுக்கு நல்லது என்று குறித்துக்கொண்டேன்.

குளத்தோரம் போட்டிருக்கும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். உட்கார்ந்துவிட்டேன், எழுந்திருக்கத்தான் முடியவில்லை. தரையோடு தரையாகக் கிடக்கிறது. துண்டு கொடுக்கும் ஆள் வந்து இரண்டு கையையும் பிடித்துத் தூக்கிவிட்டார். "எல்லாரும் உக்காரத்தாம்மா வருவாங்க. எழுந்திருக்க வழி பாக்க வந்தது நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

முட்டி ஆபரேஷன் ஆனவர்களுக்கு உயரமான நாற்காலி உண்டா என்று கேட்டேன். சாப்பாட்டுக் கூடத்தில் கை வைத்த நாற்காலி ஒன்று இருக்கிறதாம், முன்னால் சொல்லி வைத்தால் கொண்டு வந்து போடுவார்களாம். அக்கா பெயரைச் சொல்லி வைத்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமே இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, அக்கா வருகிறாள் என்று. டிக்கெட் கொடுப்பவரிடமா சொல்ல முடியும்?

பிப்ரவரி 7, சனி

கணக்கு போட்டேன். பத்து மணி முதல் ஆறு வரை பாஸ் என்று போர்டு போட்டிருக்கிறார்கள். அது கரையில் இருப்பவர்களுக்கு. கப்பல்காரர்களுக்கு அப்படி இல்லை. எட்டு மணிக்குக் கப்பல் வந்தாலும் வரிசையில் நின்று இறங்க ஒன்பதரை ஆகும். நாலரைக்குள் கப்பலில் ஏறிவிட வேண்டும், அதனால் ரிசார்ட்டில் இருந்து துறைமுகத்துக்கு மூன்றரைக்கே வேன் கிளம்பிவிடும். முழு நாளுக்குக் காசு வாங்கிக்கொண்டு முக்கால் நாள்தான் கொடுக்கிறார்கள்.

பாஸ் இல்லாமல் பொதுக் கடற்கரைக்குப் போனால்? குடை வாடகை, குளிக்கக் காசு, வெளியே சாப்பாடு. கூட்டிப் பார்த்தால் பாஸைவிடக் கொஞ்சம்தான் குறைகிறது. அக்கா தண்ணீரில் இறங்க மாட்டாள், கோழி மாதிரிக் கொறிப்பாள். அவளுக்கு நஷ்டம். அத்தான் நீந்துவார், இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவார். அவருக்கு லாபம். இருவரையும் சேர்த்தால், நிழலையும் சரிவுப் பாதையையும் சேர்த்தால், எடுக்கலாம். எப்படிப் போட்டாலும் அதே விடைதான் வருகிறது.

என் வீட்டை இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது? மூன்று மாடி. லிஃப்ட் கிடையாது. குளம் கிடையாது. எழுதவில்லை.

தையல்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கணக்கம்மா, நஷ்டம்னு எழுதி அனுப்புங்க. வேற போக்கிடம் இல்லாம நேரா உங்க வீட்டுக்குத்தான் வருவாங்க" என்றாள்.

"பொய்க் கணக்கு எழுத மாட்டேன்."

"ஒரு தடவைக்கு ஒண்ணும் ஆகாது. சாமி என்ன ஆடிட்டரா?"

சிரித்துவிட்டேன். ஆனால் ராத்திரி விளக்கு முன்னால் உட்கார்ந்தபோது அதே யோசனை. கொஞ்சம் கூட்டி எழுதினால் என்ன? வேன் வாடகையை மட்டும்? யாருக்குத் தெரியப் போகிறது? — எனக்குத் தெரியும். அப்புறம் அக்கா என் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

பிப்ரவரி 9, திங்கள்

அனுப்பிவிட்டேன். எழுதினது எழுதினபடி. எடுக்கலாம், தகும், நாற்காலிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், குளத்துக்குப் பின்வரிசையில் உட்கார், முன்வரிசையில் மதியத்துக்கு மேல் வெயில் அடிக்கும்.

சாயந்திரம் பதில் வந்தது. "எவ்ளோ வேலை பண்ணியிருக்க. தேங்க்ஸ்."

நன்றி சொல்லிவிட்டாள். எனக்கு. ஒரே பாயில் படுத்தவள், என் தலையில் பேன் பார்த்தவள், என் பாவாடையைக் கேட்காமல் எடுத்துக் கட்டிக்கொண்டு போனவள். கடைக்காரனுக்குச் சொல்வது போல.

பிப்ரவரி 15, ஞாயிறு

மகன் போன் பண்ணினான். எல்லாம் சொன்னேன்.

"நீ பெரியம்மாவ வீட்டுக்குக் கூப்பிட்டியாம்மா?"

"தங்கச்சி வீட்டுக்கு வர்றதுக்கு கூப்பிடணுமா? வரணும்னு இருந்தா வருவா."

"அவங்களும் அங்க இதையேதான் சொல்லிட்டு உக்காந்திருப்பாங்க. போன எடுத்து வான்னு சொல்லு. ஒரே எழுத்து."

சரி என்றேன். வைத்ததும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தேன். கூப்பிட்டு, அவள், "இல்லடி, அவர் ரிசார்ட்டுக்கு ஆசைப்படறார்" என்று சொல்லிவிட்டால்? நான் கேட்காத வரைக்கும் அவள் வரமாட்டேன் என்று சொன்னதாக ஆகாது. அந்த அளவுக்காவது இருக்கட்டும்.

பிப்ரவரி 18

மெத்தை உறை துவைத்தேன். ஜன்னல் கம்பி துடைத்தேன். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு ஸ்டூல் போட்டு வைத்தேன், மூச்சு வாங்கினால் உட்கார. இரண்டு எங்கள் வீட்டினுடையது, ஒன்று தையல்காரம்மாவுடையது. கீழ்வீட்டு வாத்தியார், "யாராவது வராங்களாம்மா?" என்று கேட்டார். யாரும் இல்லை, ஒட்டடை அடிக்க என்றேன்.

இந்தப் பொய் மட்டும் எப்படிச் சுலபமாக வந்தது?

பிப்ரவரி 21, சனி

கப்பல் வந்தது. மொட்டை மாடியில் இருந்து பார்த்தால் நாலு தெருவை அடுக்கி வைத்த மாதிரி வெள்ளையாக நிற்கிறது. அத்தனை ஜன்னலில் எது அவளுடையது?

ஐந்து மணிக்கே எழுந்து குளித்து விளக்கேற்றிச் சமைத்துவிட்டேன். காரம் குறைத்து, மூன்று பேருக்கு. பத்து மணிக்கு அக்காவிடமிருந்து செய்தி: "இறங்கிட்டோம். வேன்ல ஏறிட்டோம்." பன்னிரண்டரைக்கு ஒரு படம். அத்தான் குளத்தில் கழுத்து வரை. பின்னால் பின்வரிசையில் கை வைத்த நாற்காலியில் அக்கா. நான் சொன்ன இடத்தில், நான் சொன்ன நாற்காலியில். முடி முழுக்க நரைத்துவிட்டது. போனில் பேசும்போது நரை தெரிவதில்லை.

ஒன்றரை வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு ஆறிப்போனது. அப்புறம் என்ன தோன்றியதோ, டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். கப்பல் வந்த நாள் என்பதால் ரோடெல்லாம் வேன். பஸ் நகரவே இல்லை. போய்ச் சேர மூன்று மணி.

வாசலில் காவல்காரர் விடவில்லை. பாஸ் வேண்டும், இன்றைக்கு எல்லாம் விற்றுவிட்டது, வெளிச் சாப்பாடும் கூடாது. அக்காவைப் பார்க்க வந்தேன் என்றால், "எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க" என்றார். நல்லவேளை, கவுண்டர் பெண் பார்த்துவிட்டாள். "உயர நாற்காலி மேடம்தானே? இருங்க, கூட்டிட்டு வரேன்."

அக்கா சரிவில் மெதுவாக இறங்கி வந்தாள். ஒரு கையில் கம்பு. கம்பு வைத்திருக்கிறாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.

"உள்ள வாடி."

"விட மாட்டாங்க. பாஸ் இல்ல."

"கையில என்ன?"

"சாப்பாடு. அதையும் விட மாட்டாங்க."

அக்கா ஒரு நிமிஷம் டப்பாவைப் பார்த்தாள். மணிக்கட்டைக் கவுண்டர் பெண்ணிடம் நீட்டினாள். "இத வெட்டும்மா."

"மேடம், வெட்டினா திரும்ப உள்ள வர முடியாது. ஐஸ்கிரீம் இப்பதான் போடறாங்க."

"என் வீட்டுக்காரர் ரெண்டு பேருக்கும் சேத்து சாப்பிட்டுக்குவார். வெட்டு."

வெளியே பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். டப்பாவைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு கையாலேயே சாப்பிட்டாள். கோழி மாதிரி இல்லை, நன்றாகவே சாப்பிட்டாள். பாதியில் நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"வீட்டுக்கு வான்னு ஒரு வார்த்தை சொல்லல நீ. பக்கம் பக்கமா கணக்கு அனுப்பற. எந்த வரிசையில உக்காரணும்னு கூட சொல்ற. சரி, இவளுக்கு நம்ம வர்றது தொந்தரவு போல, ரிசார்ட்டோட போயிக்கட்டும்னு நினைக்கறான்னு நினைச்சேன்."

"நீ ரிசார்ட் பத்திதான கேட்ட? வீட்டுக்கு வரேன்னு கேட்டியா?"

"கேக்கறதா? தங்கச்சி வீட்டுக்கு வர்றதுக்கு நான் மனு போடணுமா?"

டப்பாவில் மிச்சம் இருந்ததையும் வழித்துச் சாப்பிட்டாள். பிறகு அக்கா, "இப்பப் போலாமா? எவ்ளோ தூரம்?" என்றாள்.

கணக்கு தானாக ஓடியது. டாக்சியில் அரை மணி. மூன்று மாடி ஏற, கம்போடு, கால் மணி. இறங்கக் கால் மணி. அங்கிருந்து துறைமுகம், இந்த நெரிசலில், அரை மணிக்கு மேல். வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பினாலே நாலரை தாண்டிவிடும். கப்பல் நிற்காது. போகலாம் என்று சொல்லிவிட வாய் துடித்தது. "ஆகாது அக்கா, கப்பலை விட்டுடுவ" என்றேன். நான்தான் சொன்னேன்.

"சரி" என்றாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இளைச்சுட்ட. தனியா எப்படி இருக்க?"

இருக்கிறேன் என்றேன். வேறென்ன சொல்வது, கால் மணி நேரத்தில்?

மூன்றரைக்கு வேன் வந்தது. அத்தான் ஈரத் தலையோடு வந்தார். "அட, நீயா? உன் கணக்கு பிரமாதம்மா. ஒரு காசு வீண் போகல. ஐஸ்கிரீம் வரைக்கும் வசூல் பண்ணிட்டேன்" என்றார். நல்ல மனுஷன். அக்கா வேன் ஜன்னலில் இருந்து ஏதோ சொன்னாள். கண்ணாடி மூடியிருந்தது.

ஐந்து மணிக்கு மொட்டை மாடிக்குப் போனேன். கப்பல் நகர்வது மாதிரியே தெரியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு நேரத்தில் கப்பலைக் காணவில்லை.

பிப்ரவரி 22

தையல்காரம்மாவின் ஸ்டூலைத் திருப்பிக் கொடுத்தேன். ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டாள். பிரார்த்தனைக்கு ஊசி எடுத்து வரவில்லை இன்றைக்கு.

பிப்ரவரி 25, புதன்

கடவுளிடம் கேட்டேன். பொய் எழுதியிருந்தால் அக்கா என் வீட்டுக்கு வந்திருப்பாள். உண்மை எழுதினேன், பஸ் நிறுத்தத்தில் அரை மணி நேரம் கிடைத்தது. இது என்ன நியாயம்? யோசித்துப் பார்த்தால், நான் எழுதினது எல்லாம் உண்மைதான், ஆனால் வேண்டியதை எழுதவில்லை. அதற்கு அவரை ஏன் கேட்கிறேன்?

மார்ச் 1, ஞாயிறு

அக்கா ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று மகன் சொன்னான். விளக்கேற்றிவிட்டு, தையல்காரம்மா வருவதற்கு முன்னால், இதை எழுதி அனுப்பினேன். திருத்தவில்லை, கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை:

அக்கா, என் வீட்டுக்கு வா. கப்பல் வேண்டாம். விமானத்தில் வா, பதினைந்து நாளாவது இருக்கிற மாதிரி வா. அத்தானுக்கு வர முடியாவிட்டால் நீ மட்டும் வா. மூன்று மாடி, லிஃப்ட் இல்லை. ஏறிவிட்டால் இறங்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு இங்கே தனியாக இருக்கக் கஷ்டமாக இருக்கிறது. எந்த மாசம் வருகிறாய் என்று சீக்கிரம் பதில் எழுது.