வாட்டம் இல்லாத கிணற்றடி

காஞ்சனா,

கிணற்றடியில் இறங்கிப்போன சிமெண்ட் பலகையை நெம்பித் தூக்கி, மண்ணடைத்துப் பூசிய நம் வீட்டு இன்ஜினியரான உன் புருஷன், மேஸ்திரி துளசிங்கத்திடம் சரணடையப் போகிறார். அப்படியே நூல் வாங்கப் பொதட்டூர்பேட்டைக்கும் போவார்.

"பேசிகினே பூசாதீங்க, சாக்கடைப் பக்கம் வாட்டம் குடுங்க" என்று நேற்று நீ சொன்னாய். தறிக்காரன் கண்ணுக்குச் சாய்வு பொறுக்குமா? பாவு நூல் பிடித்து ஒரே மட்டமாகப் போட்டார். இன்று நீ மலைக்கோயிலுக்குப் போனதும் குளித்தார். தண்ணீர் சாக்கடையை மறந்து அடுப்பங்கரைக்கு வந்துவிட்டது.

அரிசி மூட்டை பரண்மேல் இருக்கிறது. மேஸ்திரிக்கும் சேர்த்து உலை வை. எனக்கு முன்னால் அவர் வந்து, "யாரு போட்டது?" என்று கேட்டால், முன்பு குடியிருந்தவர்கள் என்று சொல்லிவிடு.

கஜபதி

மறந்துவிட்டேன்: நேற்று ஈரச் சிமெண்டில் என் பேரைக் கீறிவைத்தேன். அதன்மேல் வாளியைக் கவிழ்த்து வை. பெரிய வாளியாகப் பார். பக்கத்திலேயே உன் பேரும் இருக்கிறது.