சய இரண்டு அம்பியர்

என்ரை பிள்ளைக்கு,

போனிலை கோல் எடுத்தால் கட் பண்ணுறாய், அதாலை எழுதுறன். கொம்மா சுகமாய் இருக்கிறா.

நீ சோதினை எழுதாமல் மாமி வீட்டை போன பிறகு உன்ரை பௌதிகக் கொப்பி மேசையிலையே கிடந்தது. நேற்று அதை உடுப்பிட்டி ரியூசன் சேரிட்டைக் கொண்டுபோனன். "இவ்வளவு பிழை விடுற பிள்ளையை என்ன செய்யலாம் சேர்?" எண்டு கேட்டன்.

அவர் முதல் மின்சுற்றுக் கணக்கைப் பாத்தார்.

"ஐயா, விடை சரி. மின்னோட்டம் இந்தப் பக்கம் ஓடும் எண்டு பிள்ளை அம்புக்குறி போட்டிருக்கு. அது மற்றப் பக்கம் ஓடுது. அதாலைதான் கழித்தல் குறி வந்து, சய இரண்டு அம்பியர். இதுக்கு ஆர் பிழையெண்டு சிவப்பிலை புள்ளடி போட்டது?"

நான் கொப்பியை மூடி வாங்கிக்கொண்டு வந்திட்டன்.

எனக்கெங்கை பௌதிகம் தெரியும்? விடைப் புத்தகத்திலை வெறும் இரண்டு எண்டு கிடந்தது. நீ முன்னாலை கழித்தல் அடையாளம் போட்டிருந்தாய். "ஒரு குறி ஒழுங்காய்ப் போடத் தெரியாது, நீ எஞ்சினியரோ?" எண்டு கத்தினன். நீ விளங்கப்படுத்த வந்தாய். நான் கேக்கேல்லை.

விடியத் தொடக்கம் அழிறப்பரோடை இருக்கிறன் பிள்ளை. என்ரை சிவப்புப் பேனை போகுதில்லை. தேய்க்கத் தேய்க்க, நீ பென்சிலாலை எழுதின விடைதான் அழியுது.

அப்பா