சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை

1965 டிசம்பர் 6, திங்கள்

மழை விட்டது. வெயில் இல்லை. துவைத்தது எல்லாம் ஈரம். குழந்தை வள்ளிக்கு இன்னும் இருமல். பழைய சேலையை மடித்துப் போர்த்தினாலும் விடியலில் குளிர் ஏறுகிறது. இன்று துண்டுத்துணிப் போர்வையைத் தொடங்கிவிட்டேன்.

தையல்கடை பாய் கொடுத்த பிட்டுத்துணி ஒரு மூட்டை. பிரித்து வைத்தேன். அரக்கு, மாந்தளிர், இலைப்பச்சை, கிளிப்பச்சை, வெங்காயச் சருகு, காக்கி, லுங்கிக் கட்டம். சிவப்பை முதலில் வெந்நீரில் முக்க வேண்டும். சாயம் விடும்.

அவர் ஷிப்ட் முடிந்து வந்தவர் தூங்கப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரே சந்தோஷம். சுரங்கத்தில் கரி சுமக்கும் பெல்ட்டைப் பட்டன் பலகையிலிருந்து ஓட்டும் பேனல் ஆபரேட்டர் வேலைக்கு அவர் பெயர் வந்திருக்கிறது. பர்மனென்ட்! மெடிக்கல் மட்டும் பாக்கி. அவர்கள் வீட்டு நிலம் சுரங்கத்துக்குப் போன நாளிலிருந்து கான்ட்ராக்டில் கிரீஸ் அடித்து அடித்துக் கை கறுத்துப்போன மனிதர். இனி பிலோமினா அக்கா குவார்ட்டர்ஸின் பின்னறையில் ஒண்ட வேண்டாம். எங்களுக்கே ஒரு குவார்ட்டர்ஸ்.

துணிகளை வெளிரிலிருந்து அழுத்தம் வரை வரிசையாக வைக்கச் சொன்னேன். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால்தான் எனக்கு அது பிடிபடும்; நிறம் மங்கி, வெளிர் எது, அழுத்தம் எது என்பது மட்டும் நிற்கும். அவர் கண்ணை மூடவே இல்லை. மளமளவென்று வைத்தார். ஒன்றுகூடத் தப்பு இல்லை. எனக்குப் பொறாமை.

பிறகு நடுப்பூவுக்கு அரக்குச் சிவப்பைக் கேட்டேன். இலைப்பச்சையை எடுத்துக் கொடுத்தார்.

“தூக்கக் கலக்கமா?” என்று சிரித்தேன். அவரும் சிரித்தார்.

டிசம்பர் 8, புதன்

தூறல். மண்ணெண்ணெய் தீர்ந்தது. நூல் வாங்க வேண்டும்.

நேற்று முழுவதும் மனதில் ஒரு முள். இன்று அவர் சாப்பிட உட்கார்ந்தபோது வேண்டுமென்றே ஒரே அழுத்தத்தில் ஒரு சிவப்பையும் ஒரு பச்சையையும் முன்னால் வைத்தேன். “ஓரத்துக்குப் பச்சை குடுங்க.”

அவர் இரண்டையும் பார்த்தார். தொட்டார். என் முகத்தைப் பார்த்தார். சிவப்பை நீட்டினார்.

கல்யாணமான புதிதில் சிவப்புச் சேலைக்குப் பச்சை ரவிக்கைத் துணி வாங்கி வந்து “ஒரே கலரு, பாத்துப் பாத்து எடுத்தேன்” என்றது ஞாபகம் வந்தது. கேலி என்று நினைத்திருந்தேன்.

“உங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியுதா?”

“யாரு சொன்னா?”

“நான் கேக்கறேன்.”

“துணி தைக்கறவ துணியத் தை. டாக்டரு வேல பாக்காத.” தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். சோறு அப்படியே.

டிசம்பர் 9, வியாழன்

பிலோமினா அக்கா நாகர்கோவில் பக்கம், ஆஸ்பத்திரியில் நர்ஸ். யாருக்கோ கேட்பதுபோல மெடிக்கலில் என்னென்ன பார்ப்பார்கள் என்று கேட்டேன்.

“பேனல் வேலைக்கா? கண்ணுதான் முக்கியம் கேட்டியா. ஒரு புஸ்தகம் உண்டு. பக்கம் முழுக்கப் புள்ளி புள்ளியா இருக்கும், நடுவில ஒரு நம்பர். சிலருக்கு அது தெரியாது. சிவப்பு பச்சை பிரியாது. பிறவியிலே அப்படி, மருந்து கிடையாது.”

“வெளிர், அழுத்தம் பாத்துக் கண்டுபிடிக்க முடியாதா அக்கா?”

“அதுக்காகத்தானே புள்ளி எல்லாத்தையும் கலந்து அடிச்சிருக்கான்!”

மாவு அரைக்க வேண்டும் என்று சொல்லி வந்துவிட்டேன்.

அவர் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். இன்று கோபம் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டம்.

“சின்ன வயசுலேருந்தே இப்டிதான் சரோசா. பழுத்த மெளகாயப் பறின்னா காயப் பறிச்சினு வருவேன். எங்கப்பாரு அடிப்பாரு. அப்பறம் தடவிப் பாத்துக் கத்துக்கினேன்.”

“அப்ப பேனல்ல?”

“மேல இருக்கற வௌக்கு செவப்பு, கீழ இருக்கறது பச்ச. எடம் தெரிஞ்சாப் போதும். அதுக்குக் கண்ணு எதுக்கு?”

தூங்கும் வள்ளிக்குச் சேலையை இழுத்துப் போர்த்திவிட்டேன்.

“அக்காகிட்ட அந்த புஸ்தகத்த ஒரு நாளு கேட்டு வாங்கியாயேன். நீ சொல்லிக் குடு, நான் மனப்பாடம் பண்ணிக்கறேன்.”

முடியாது என்றேன். முடியும் என்றார். வள்ளி எழுந்து அழுதாள்.

டிசம்பர் 11, சனி

வெயில்! பாய், தலையணை எல்லாம் வெளியே.

என் தம்பி ஏழுமலையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பெல்ட்டுக்கு அடியில் விழும் மண்ணையும் கரியையும் வாருவது அவன் வேலை. பெல்ட் நின்றால் உள்ளே போவான். ஆள் உள்ளே இருந்தால் பேனலில் சிவப்பு எரியும்; அது அணையும்வரை பெல்ட்டை ஓட்டக் கூடாது. விளக்கை மாற்றி வைத்திருந்தால்? ஒன்று பழுதாகி வேறு பேனல் வந்தால்?

எங்களுக்கென்று ஒரு சமையலறை, குழாய், வள்ளிக்குப் பள்ளிக்கூடம் பக்கத்தில். அதையும் நினைக்கிறேன். நினைக்காமல் இல்லை.

அவருக்கு வாயால் சொன்னால் ஏறாது. துணியால் சொல்லிப் பார்த்தேன். பச்சையில் வெளிர், அழுத்தம், நடுத்தரம் எல்லாம் கலந்து சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி ஒட்டி, நடுவில் அதே மாதிரி கலந்த சிவப்புச் சதுரங்களில் பெரிதாக ஏழு என்ற எண்ணைத் தைத்தேன். மத்தியானம் முழுவதும் அதே வேலை. விரலில் ஊசிக் குத்து.

அவர் முன் விரித்தேன். “இதுல என்ன இருக்குது?”

வெகுநேரம் பார்த்தார். “துணி இருக்குது. ரவரவையா வெட்டி வீணாக்கியிருக்க.”

அந்த நேரம் பார்த்து ஏழுமலை, குழந்தைக்குப் பொரிகடலையோடு. செருப்பைக் கழற்றும்போதே, “இன்னாக்கா, போர்வையில ஏழு போட்டுகினு இருக்க? எம் பேரா?” என்று சிரித்தான்.

அவர் துணியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். திரும்பவும் துணியை.

அவனுக்கு ஒன்றும் தெரியாது. “மாமா பேனல்ல ஒக்காந்துட்டா எனக்கு இன்னா பயம்? கண்ண மூடிகினு பெல்ட்டுக்கடியில பூந்துருவேன்.”

அவர் தண்ணீர் குடிக்க எழுந்தார். குடத்தடியில் நின்றார். குடிக்கவில்லை.

டிசம்பர் 13, திங்கள்

நாளை மெடிக்கல். கூட வேலை செய்பவர் ஒருவர் போன வாரம் போய்வந்தாராம். எந்தப் பக்கத்தில் எந்த எண் என்று இவருக்கு வரிசையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கொல்லையில் உலாத்திக்கொண்டு முணுமுணுப்பு. எனக்குக் கேட்கிறது என்று தெரிந்தும் நிறுத்தவில்லை.

நான் ஒரு வார்த்தைதான். “அடியில இருக்கறது ஏழுமலை.”

“எனக்குத் தெரியாதா?” கத்தல். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது.

வேட்டி சட்டைக்குக் கஞ்சி போட்டேன். போடும்போதே, யாருக்காகப் போடுகிறேன் என்று ஆத்திரம்.

டிசம்பர் 14, செவ்வாய்

காலையிலேயே போனார். சொல்லிக்கொள்ளாமல்.

தைக்க உட்கார்ந்தால் ஊசியில் நூல் ஏறவில்லை. ரசம் பொங்கி அடுப்பு அணைந்தது. வள்ளிக்கு இரண்டு அடி. பாவம், அவள் ஒன்றும் செய்யவில்லை.

மத்தியானம் வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

அவரே சொன்னார். “மொதப் பக்கம் சொன்னேன். ரெண்டாவதும் சொன்னேன். டாக்டரு சரி சரின்னு எழுதிகினு இருந்தாரு. மூணாவது பக்கத்துக்கும் நம்பரு நாக்குலயே இருந்திச்சி. சொன்னா முடிஞ்சிது.”

“சொன்னீங்களா?”

“இல்ல. ‘எனக்கு இது தெரில சார், முன்னாடி சொன்னதும் யாரோ சொல்லிக் குடுத்தது’ன்னுட்டேன்.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாராம். திட்டவில்லையாம். பேனல் கிடையாது என்று எழுதிவிட்டாராம். கிரீஸ் வேலையிலேயே பர்மனென்ட் எடுப்பார்களா என்று ஆபீசில் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்களாம். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகில் கை வைத்தேன். தட்டிவிட்டார். மறுபடி வைத்தேன். விட்டுவிட்டார்.

டிசம்பர் 15, புதன்

பனி. வள்ளிக்கு இருமல் குறைவு. அரிசி ஊறப்போட்டாயிற்று.

சாயங்காலம் ஏழுமலை ஓடிவந்தான். “மாமா, ஒனக்கு வேல இல்லன்னு சொல்றாங்களே, எவன் கெடுத்தான்?”

நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“எவனும் கெடுக்கலடா. எனக்கு செவப்பும் பச்சையும் ஒண்ணாத் தெரியும். பொறந்ததுலேருந்து.”

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். அவன் மாமாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காபியைக் குடித்துவிட்டு, ஷிப்டுக்கு நேரமாயிற்று என்று எழுந்தான்.

அவர் வாசல்வரை போனார். தெரு முனையில் அவன் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

“சரோசா, அவன் போட்டுகினு போறது இன்னா கலரு சட்ட?”

“செவப்பு.”

“அப்டியா.” கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். “நான் காக்கின்னே நெனச்சிகினு இருந்தேன்.”