கோயில் தெருவில் ஓட்டம்

காரிமங்கலம்,
9.2.2025

மாதேஷ்,

உன் அண்ணன் குரு என் காலை உடைத்தான். நீ பக்கத்தில் நின்று பார்த்தாய். போனில் என்னை பிளாக் செய்துவிட்டதால் தபாலில் எழுதுகிறேன்.

அக்கா வீட்டில் கிடக்கிறேன். காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். ஸ்டேஷனில் 'ஓடும்போது தவறி விழுந்தார்' என்று எழுதிக்கொண்டு, இல்லையென்றால் சாட்சி கொண்டு வா என்கிறார்கள். சாட்சி நீ ஒருவன்தான்.

காலனிக்காரன் கோயில் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கணும், ஓடி வந்தாலும் நடக்கணும். ஏரிக்கரைக்கு எங்களுக்கு வேறு வழியில்லை. காலேஜ் நாளிலிருந்து நாம் ஏரிக்கரைக்கு ஓடப் போகும்போதெல்லாம் அந்தத் தெருவை மட்டும் நடந்தே கடந்தேன். நீ முன்னால் ஓடிப்போய் முக்கில் நின்று சிரிப்பாய். பொங்கல் லீவுக்கு வந்தவன், "விடியகாலைல எவன்டா பாக்கறான், சும்மா ஓடு" என்றாய். ஓடினேன். சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு எதிரே வந்த குரு, "குதிரையாடா நீ? நடக்கத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுப் பொங்கலுக்குப் போட்ட பந்தலில் கிடந்த இரும்புக் குழாயை எடுத்தான்.

வந்து பார்த்ததைச் சொல்.

கலைவாணன்

ஓசூர்,
20.2.2025

அன்புள்ள கலை,

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? சசிகலா அக்காவைக் கேட்டதாகச் சொல்.

நான் சும்மா நிற்கவில்லை. "அண்ணா, வுடுங்க, செத்துருவான்" என்று கத்தினேன். வலியில் உனக்குக் கேட்டிருக்காது. அண்ணன் முன்கோபி, கெட்டவன் இல்லை. பங்குனியில் அவனுக்குக் கல்யாணம். நான் சாட்சி சொன்னால் அப்பா என்னை வூட்டுப் படி ஏற விடமாட்டார். ஸ்டேஷனில் எழுதினது எழுதினதாகவே இருக்கட்டும்.

ஒரு செஸ் போர்டு அனுப்பியிருக்கிறேன். காந்தம் வைத்தது, படுத்துக்கொண்டே ஆடலாம். பாட்டு கேள். ஓட்டம் ஒரு ஹாபிதானே, வேறொன்று பழகிக்கொள்ளலாம்.

என்றும் உன்
மாதேஷ்

காரிமங்கலம்,
2.3.2025

மாதேஷ்,

செஸ் போர்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஹாபி என்கிறாய். உனக்குத் தொப்பை குறைய ஓட்டம். எனக்கு, ஏரிக்கரை மேல் ஓடும்போது மட்டும்தான் நான் யார் மகன் என்பது மறக்கும். மூச்சு கேட்கும். முள்ளைப் பார்த்துக் கால் தானாகத் தாவும். அதற்காகத்தான் அந்தத் தெருவைத் தலைகுனிந்து நடந்தேன். இனி நடக்கலாம், ஓட முடியாது என்கிறார் டாக்டர். உன் அண்ணன் கேட்டதும் அதுதான்.

நீ கத்தியது எனக்குக் கேட்டது. அதை ஸ்டேஷனில் வந்து சொல். 17ஆம் தேதி திங்கட்கிழமை புகாரை முடிக்கிறார்கள். காலையிலேயே போய் வாசலில் ஆட்டோவில் காத்திருப்பேன்.

கலைவாணன்

காரிமங்கலம்,
18.3.2025

மாதேஷ்,

இருட்டும்வரை இருந்தேன். புகாரை முடித்துவிட்டார்கள். எஸ்.ஐ. "உன் ஃபிரண்டு வரலியாப்பா?" என்று கேட்டுச் சிரித்தார்.

அதற்கு முன்பே சந்தையில் அக்கா உன்னைப் பார்த்திருக்கிறாள். கல்யாணத்துக்கு வாழை இலை ஏற்றிக்கொண்டிருந்தாயாம். "மாதேஷு" என்று கூப்பிட்டிருக்கிறாள். நீ திரும்பவில்லை. காது கேக்கல போல என்று அவள் உனக்காகச் சமாதானம் சொல்கிறாள்.

இனி நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். உன் அப்பாவுக்குத் தெரியவும் வேண்டாம். எனக்கு மட்டும், ஒரே வரி, உன் கையெழுத்தில் எழுது: என் காலை உடைத்தது யார்?

கலைவாணன்